ஈரிழைத் துண்டில் கட்டிய முந்திரிக்கொத்து

என் மகளுக்கு இரண்டு வயது நிறையாத சமயம். ஒரு நாள் கன்னத்தில் எதையோ ஒதுக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். விரலை விட்டு எடுத்தேன். யாரோ கொடுத்த பரிசுப் பொட்டலத்தைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாளின் ஒரு துணுக்கு. அவள் அழுது முடித்துத் தூங்கிவிட்டாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு கட்டிலுக்கு அடியில், சோபா இடுக்கில், பிரிட்ஜ் பின்னால் என்று தினமும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பேன். மகளின் வாய்க்குள்ளும் பார்ப்பேன்.

"பிள்ளைன்னா எதையாவது வாயில வைக்கத்தான் செய்யும். நீ டாக்டரு மாதிரி வாயத் தொறக்கச் சொல்லிக்கிட்டே இருந்தா அது எப்ப சோறு திங்கும்?" என்பார் அத்தை. என் மாமியாரைத்தான் சொல்கிறேன். தென்காசியில் நாங்கள் மூன்று பேரும்தான் வீட்டில். கணவர் மதுரையில் போலீஸ் வேலை. லீவு கிடைத்தால் வருவார்.

அந்த வருடம் ஆனி மாதம் என் நாத்தனாருக்கு வளைகாப்பு வைத்திருந்தோம். கணவரின் தங்கை அவள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், முறைக்கு நான் மதினி. கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு முறை மூன்றாம் மாதத்தில் கலைந்துபோய், இது மூன்றாவது. ஏழு மாதம் தாண்டியிருந்தது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் அவளுடைய புகுந்த வீடு. சீசனில் மாடியை வாடகைக்கு விடுவார்கள். வளைகாப்பு அங்கே. பிறந்த வீட்டுப் பலகாரம் எங்கள் பொறுப்பு. வளையல் போட்டு முடிந்ததும் அவளைப் பேறுகாலத்துக்குத் தென்காசிக்கு அழைத்து வரவேண்டும்.

வருகிற பெண்களுக்குக் கொடுத்தனுப்ப ஆளுக்கு ஆறு முந்திரிக்கொத்து என்று அத்தை கணக்கு வைத்திருந்தார். கவரில் போட்டுக் கட்டிக் கொடுக்கலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். துணியில் பொதிந்து முடிச்சுப் போட்டுப் பரிசு கொடுப்பதைப் போனில் பார்த்திருந்தேன். துணியை அவர்கள் மறுபடி எதையாவது கட்டி இன்னொருவருக்குக் கொடுப்பார்கள், அது அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு குழந்தையின் தொண்டையிலும் போய்ச் சிக்காது. இதை அத்தையிடம் விளக்கமாகச் சொன்னேன். "செய்யி, செய்யி. ஒனக்கு நேரம் கெடக்கு" என்றார்.

துணிக்குத்தான் தேடினேன். மாடி அறையில் ஒரு பழைய பீரோ. அதன் அடித்தட்டில் ஈரிழைத் துண்டுகள் பதினொன்று இருந்தன. நல்ல பருத்தி, வெள்ளை, ஓரத்தில் சிவப்புக் கரை. மடித்து அடுக்கியிருந்தன, பார்வைக்குப் புதிதாகத்தான் தெரிந்தன. கணவருக்குப் போன் செய்தேன்.

"மேல பீரோவுல துண்டு கெடக்கே, எடுத்துக்கவா?"

"எந்தத் துண்டு? சரி, எடுத்துக்கோ. டியூட்டில இருக்கேன்."

ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினால் சதுரமாக வந்தது. இருபத்திரண்டு சதுரங்கள். வெட்டிய விளிம்பைத் தையல் மிஷினில் மடித்து அடித்தேன். கஞ்சி போக அலசிப் போட்டேன். சாரல் காலம் என்பதால் மூன்று நாள் காயவே இல்லை. இஸ்திரிப் பெட்டி வைத்துத்தான் காய வைத்தேன். அத்தை பாகுப் பதம் பார்த்துக்கொண்டிருந்தபோது இஸ்திரி போட்ட துணிகளைக் காட்டினேன். "ஏது துணி?" என்றார். "மேல பீரோவுல இருந்தது அத்தை." "ம்." கண் பாகிலிருந்து அகலவில்லை. வறுத்துத் திரித்த பாசிப்பயற்று மாவைக் கொட்டுகிற நேரம் அது. ஒரு நொடி தப்பினால் பாகு முறுகிவிடும். அந்த "ம்"மை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உருண்டைகளை மஞ்சள் கலந்த மாவில் முக்கி மும்மூன்றாக எண்ணெயில் விட்டு எடுத்தோம். ஆறியதும் வாழைச்சருகில் மடித்து, அதன்மேல் துணியைச் சுற்றி, எதிரெதிர் முனைகளை முடிந்து, மீதி இரண்டு நுனிகளை மேலே நிமிர்த்தி விட்டேன். மகள் ஓடிவந்து, "முயலு! முயலு!" என்று காதைப் பிடித்து இழுத்தாள். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. இருபத்தொரு முயல்கள் விருந்தாளிகளுக்கு. ஒரு பெரிய முயல் நாத்தனாருக்கு. அன்று எனக்கு என்மேல் ஒரு திருப்தி இருந்தது. எனக்கு அது அபூர்வம் என்பதால்தான் நினைவிருக்கிறது.

வளைகாப்பில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. இரண்டு கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரிய பொதியை அவள் மடியில் வைத்தேன். அவிழ்க்காமல் காதுகளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எப்படி மதினி இப்படிக் கட்டினிய? அவுக்கவே மனசு வரல."

"அவுத்துச் சாப்பிடுங்க. திரும்பக் கட்டித் தாரேன்."

"வேண்டாம், இது இப்படியே இருக்கட்டும். நான் வேற யாருததையாவது பிடுங்கித் திங்கேன்."

பெண்கள் வெற்றிலை பாக்கோடு பொதியை வாங்கிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார்கள். கூடையோடு வாசலில் நின்றேன். பதினான்கு போயிருக்கும். ராயகிரியிலிருந்து வந்திருந்த என் தம்பி கூடைக்குள் கைவிட்டு ஒரு பொதியை எடுத்து அங்கேயே பிரித்துத் தின்றான். தின்றுகொண்டே துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏக்கா, இந்தத் துண்டு ஒனக்கு எங்கன கெடச்சுது?"

"மாடி பீரோவுல இருந்தது. ஏன்?"

"செவப்புக் கரைக்கு நடுவுல ஒரு மஞ்சக் கோடு ஓடுது பாரு. இது நான் வாங்குன துண்டுல்லா."

"நீ எப்ப வாங்குன?"

"மாமா பதினாறுக்கு. மச்சானுக்கு உருமா கட்ட ஒரு கட்டு பூரா நான்தான் போயி எடுத்துட்டு வந்தேன். பங்காளிமாருக்கும் சேத்து. மிச்சத்த அங்கனயே வச்சிட்டு வந்துட்டோம்."

எங்கள் பக்கத்தில், தகப்பன் இறந்த பதினாறாம் நாள் மகனின் தலையில் அவன் மைத்துனன் புதுத்துண்டைப் பாகையாகக் கட்டுவான். அதுதான் உருமால். மாமனார் இறந்தபோது என் மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பச்சை உடம்போடு நான் ராயகிரியில் அம்மா வீட்டில் கிடந்தேன். இறந்த அன்றைய துஷ்டிக்கும் வரவில்லை, பதினாறுக்கும் வரவில்லை. எந்தத் துண்டை யார் தலையில் கட்டினார்கள், எது மிஞ்சியது, யார் பீரோவில் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. துக்க வீட்டுத் துணியை மங்கல காரியத்துக்கு எடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதை வெட்டி, விளிம்பு அடித்து, முயல் காது வைத்து, எட்டு வருடம் காத்திருந்த ஒருத்தியின் மடியில் வைத்திருக்கிறேன்.

"மெதுவாப் பேசுலே" என்றேன்.

"நான் யார்ட்ட சொல்லப் போறேன்? நீ ஏன் இப்படி வேர்க்க? அதுல எல்லாத்தையுமா கட்டுனோம்? கட்டாததும் உண்டுல்லா." அடுத்த உருண்டையை வாயில் போட்டான். "முந்திரிக்கொத்து நல்லா வந்துருக்குக்கா."

கூடையில் மீதியிருந்த ஆறையும் உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். தம்பி பிரித்ததோடு சேர்த்து ஏழு துணியையும் உருவிப் பைக்குள் திணித்தேன். சருகுப் பொட்டலங்கள் பிரிந்துகொண்டே வந்தன. நாத்தனாரின் மாமியார், "கவரு வேணுமா?" என்று பலசரக்குக் கடைக் கவர்களை உதறி நீட்டினார். வாங்கினேன். எந்தக் கவர் வேண்டாம் என்று இத்தனை பாடுபட்டேனோ அதே கவரில், என் கையால் போட்டுக் கட்டினேன்.

வாசலில் ஒரு அம்மாள் கவரைத் தூக்கிப் பார்த்தார். "முன்னால போனவளுக்கெல்லாம் துணியில கட்டிக் குடுத்தியே. எங்களுக்கு மட்டும் கவரா? நாங்க என்ன வேண்டாதவியளா?"

"துணி தீந்துட்டும்மா."

"தீரும், தீரும்."

மடியில் இருந்த பெரிய பொதியை மட்டும் என்னால் வாங்க முடியவில்லை. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் அவள் தென்காசி வரை காரில் வந்தாள்.

நான் இயற்பியல் படித்தவள். துணிக்குத் தன்னை எதற்காக வாங்கினார்கள் என்று தெரியாது என்பது எனக்குத் தெரியும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். கட்டாமல் மிஞ்சிய துண்டு சும்மா துண்டுதானே என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் பதினொன்றில் கட்டிக் கழற்றியது ஒன்றாவது இருந்திருந்தால்? இருந்திருந்து, அது அந்தப் பெரிய பொதியாக இருந்தால்? கஞ்சி போக அலசிவிட்டேன், இனி எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அவளுக்கு ஏதாவது ஒன்று ஆனால், அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். நான் ஒன்றைத்தான் நம்புவேன். அதுதான் எனக்கு பயமாக இருந்தது.

தென்காசி வந்த மறுநாளே பொதியைப் பிரித்துப் பலகாரத்தைத் தின்று தீர்த்துவிட்டு, அந்தத் துணியில் தன் ஸ்கேன் படங்களையும் ஆஸ்பத்திரி ஃபைலையும் வைத்துக் கட்டினாள். என்னிடம் கேட்டுக் கேட்டு அதே முயல் காது. அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பாள்.

அவள் முதுகைப் பிடித்தால் நான் எழுந்து நிற்பேன். திரும்பிப் படுத்தால், "என்ன செய்யுது?" என்பேன். ஒரு நாளில் எத்தனை முறை கேட்டேனோ. "ஒண்ணும் செய்யல மதினி" என்பாள் முதலில் சிரித்துக்கொண்டு. பிறகு சிரிக்காமல். மாதாந்திரப் பரிசோதனைக்கு நான்தான் கூடப் போவேன். ஒருமுறை டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிறாளாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் வெளியே வந்தபோது நாத்தனார் பெஞ்சில் இருந்து என் முகத்தையே பார்த்தாள். நான் அவள் வயிற்றைப் பார்த்தேன்.

அந்த வாரத்தில்தான் துணிகளைத் திரும்ப வாங்குவது என்று முடிவு செய்தேன். ஏன் என்று கேட்டால் இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது கரையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் எதுவும் நடக்காது என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது இன்னொன்று. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நம்பிக்கை இல்லை, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன்.

முதலில் குற்றாலத்தில், நாத்தனாரின் பக்கத்து வீட்டு அம்மாள். அவர் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். "அடுத்த விசேஷத்துக்கும் அதுலதான் கட்டணும். அதான், துணிய மட்டும்..." என்று இழுத்தேன். அவருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். துணியில் எதையோ கட்டியிருந்தார். கனமாக இருந்தது.

"என்னது இது?"

"பேரீச்சம்பழம். வெறுந்துணியாவா குடுப்பாக? பிள்ளைக்குக் குடு."

இதை நான் யோசிக்கவே இல்லை. பலகாரம் வந்த பாத்திரத்தையே யாரும் வெறுமனே திருப்ப மாட்டார்கள்; துணியை மட்டும் திருப்புவார்களா? போன வீட்டிலெல்லாம் எதையாவது கட்டிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மங்குஸ்தான். ஒரு வீட்டில் கூழ்வற்றல். கடையத்தில் கணவருக்குப் பெரியம்மா மகள் ஒருத்தி, என் துணியைத் தயிர்ப் பானையின் வாயில் வேடு கட்டியிருந்தாள். "இரு மதினி, தொவச்சுத் தாரேன்" என்று உட்கார வைத்து, துவைத்து, விசிறிக்குக் கீழே காயப் போட்டு, நாலு எலுமிச்சம்பழம் கட்டித் தருவதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. தென்காசியிலேயே, எங்கள் தெருவில் குடியிருக்கும் ரிட்டயர்டு டீச்சர்தான் வாய்விட்டுச் சொன்னார்.

"பலகாரம் எங்களுக்கு, துணி உங்களுக்கா? குடுத்த சீலைத்துணியத் திருப்பிக் கேக்குத வீட்ட இப்பத்தான் பாக்கேன். ஒன் மாமியா காலத்துல இப்படி இல்லயம்மா."

"சுற்றுச்சூழலுக்காக டீச்சர்" என்றேன். எனக்கே காது கூசியது.

வாங்கிய வீட்டுக்கெல்லாம் நான் திரும்ப எதையாவது கொடுக்கவேண்டி வந்தது. அதனால் மறுபடி அடுப்பு, மறுபடி மாவு. வீட்டில் பேரீச்சம்பழமும் வற்றலும் எலுமிச்சம்பழமும் சேர்ந்துகொண்டே போவதைப் பார்த்து அத்தை கேட்டார்: "ஏட்டி, நீ பலகாரம் குடுத்தியா, பண்டமாத்து வியாவாரம் தொடங்கிட்டியா?"

புளியறைக்குப் போனதுதான் கடைசி. செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்களுக்குப் பரோட்டாக் கடை வைத்திருக்கும் தூரத்துச் சொந்தம். அவர் மனைவிதான் வளைகாப்புக்கு வந்தவர்; அன்று கடையில் அண்ணாச்சி மட்டும் இருந்தார். துணி அவர் தோளில் கிடந்தது. அதால் முகத்தைத் துடைத்தார், மேஜையைத் துடைத்தார், ஈயை விரட்டினார்.

"இதுக்கா தென்காசிலேர்ந்து வந்த?" என்று தோளிலிருந்து எடுத்துப் பார்த்தார். "இதுல என்னம்மா இருக்கு? தங்க இழை எதும் ஓடுதா?"

"இல்ல அண்ணாச்சி. ஒரே மாதிரி செட்டு. அதான்."

"எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு, நல்ல துணி. வேர்வைய அப்படிக் குடிக்கும்." எண்ணெயும் சால்னாவும் ஏறியிருந்த அந்தத் துணியில் வாழை இலை வைத்து ஆறு பரோட்டாவைக் கட்டிக் கொடுத்தார். லாரிகள் வரிசையாக நின்ற ரோட்டில், பிள்ளை ஒரு பக்கம் பரோட்டா ஒரு பக்கம் என்று நின்றபோது, இந்தத் துண்டு அவரை ஒன்றும் செய்துவிடவில்லையே என்று தோன்றியது. அந்த நிம்மதி இலத்தூர் விலக்கு தாண்டும் வரைதான் இருந்தது. பதினான்கில் பதின்மூன்று சேர்ந்துவிட்டது. ஒன்று ஒரு விருந்தாளியோடு புனலூருக்குப் போய்விட்டது என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன். புனலூர் வரை போவதா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். நாத்தனார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால், நான் வாங்கிச் சேர்த்து என் அலமாரியில் வைத்திருந்த ஈரிழைத் துணிகள் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கையில் ஃபைல் பொதி.

"மதினி, உக்காருங்க. பிள்ளைய எறக்கி விடுங்க."

உட்கார்ந்தேன்.

"டாக்டரம்மா என்ன சொன்னாவ?"

"எப்ப?"

"மறைக்காதிய. ஒங்கள மட்டும் தனியாக் கூப்பிட்டாவல்லா? அன்னைலேர்ந்து பாக்கேன். நான் அசைஞ்சா ஒங்க மூஞ்சி போற போக்க பாக்கேன். தும்முனா எந்திரிக்கிய. ஊரு ஊராப் போறிய. எந்தக் கோயிலுக்கு நேந்துட்டு வாரிய? அதுக்கா இந்தத் துணியெல்லாம்?" பொதியை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "பிள்ளைக்குத் துடிப்பு சரியில்லயா? எல்லாருக்கும் தெரியுமா? எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

நான் என் பயத்தை என்னோடு வைத்திருப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் முகத்தில் இருந்து நேராக அவளிடம் போய், அங்கே வேறொன்றாக வளர்ந்திருக்கிறது. அவள் கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்ததை அன்றுதான் பார்த்தேன். அதுவரை அவள் வயிற்றைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை.

சொன்னேன். மாத்திரையும் டீயும் பற்றி முதலில். அவள் நம்பவில்லை. அப்புறம் துண்டு, பீரோ, தம்பி, மஞ்சள் கோடு, எல்லாவற்றையும். சொல்லிக்கொண்டு போகப் போக என் காதுக்கே அது எவ்வளவு சின்ன விஷயமாகவும், எவ்வளவு பெரிய விஷயமாகவும் கேட்டது என்று சொல்லத் தெரியவில்லை.

"இதுக்கா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"ஒரு மாசமா நான் கண்ண மூடல. எம்பிள்ளைக்கு என்னமோன்னு. இந்தத் துண்டுக்கா மதினி?"

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.  அவளோ துணியின் கரையை விரலால் நீவி, மஞ்சள் கோட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"பதினாறு அன்னைக்கு நான் அடுக்களையில கெடந்தேன். எங்க அண்ணன் தலையில எதக் கட்டுனாவன்னு நானும் பாக்கல."

"கட்டாத துண்டாத்தான் இருக்கும். தம்பி சொன்னான்."

"இருக்கும்." கோட்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, "நீங்க சொல்லாம இருந்தா எனக்கு ஒண்ணுமே இல்ல. மொகத்த மட்டும் ஒழுங்கா வச்சிருந்தியன்னா போதும். இப்பச் சொல்லிட்டிய. இனிமே இதப் பாக்கும்போதெல்லாம் தோணும்லா" என்றாள்.

பொதியை அவிழ்த்து ஃபைலை எடுத்தாள். அலமாரியில் தொங்கிய ஜவுளிக்கடைக் கவரை உருவி அதற்குள் வைத்தாள். துணியை மடித்து மற்றவற்றோடு சேர்த்து என் பக்கம் தள்ளினாள்.

"எங்க அம்மாட்ட மட்டும் சொல்லிராதிய. அவ தாங்க மாட்டா."

துணிகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. எரிக்கக் கை வரவில்லை. துடைக்கப் போடவும் மனமில்லை. எல்லாவற்றையும் ஒரு பைக்குள் வைத்து அலமாரியின் மேல்தட்டில், என் மகளுக்கும் எட்டாமல், ஸ்டூல் போட்டு ஏறி வைத்தேன். புனலூரில் இருப்பது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாட்களில் அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. ஆனால் தூங்கினாள். மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்குவாள். என் தூக்கம்தான் போயிற்று. சொன்னது சரிதானா? என் பாரத்தை இறக்கி வைக்க அவள் மடிதான் கிடைத்ததா? சொல்லாமலே, டாக்டரம்மா சொன்னதை மட்டும் விளக்கி முடித்திருக்கலாமே? என்ன செய்யுது என்று கேட்க வாய் வரும். கேட்காமல் அடுக்களைக்குப் போய்விடுவேன். அங்கிருந்து எட்டிப் பார்ப்பேன். ஒருமுறை அவள் கண்ணைத் திறக்காமலே, "பாக்காதிய மதினி" என்றாள்.

ஆவணி கடைசியில் ஒரு காலை. இரண்டாவது இட்லியைப் பிட்டவள் அப்படியே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பனிக்குடம் உடைந்திருந்தது. அத்தை பிளாஸ்கைத் தேடுகிறார், கிடைக்கவில்லை, கையில்தான் இருக்கிறது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தேன். ஆட்டோ வாசலில் நின்றது.

"ஃபைலு?" என்றேன்.

"தலைமாட்டுல" என்றாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

தலையணைக்குப் பக்கத்தில் ஈரிழைத் துணியில், இரண்டு காதும் நிமிர்ந்து, ஃபைல் கட்டப்பட்டிருந்தது. முடிச்சு கொஞ்சம் கோணல். நான் கட்டியதில்லை. அவளைப் பார்த்தேன். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவரு கிழிஞ்சிட்டு மதினி."

ஆட்டோவில் அவள் ஒரு கையை அத்தையும் ஒரு கையை நானும் பிடித்திருந்தோம். துணி மேல்தட்டில் அல்லவா இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்டூலில் ஏறித்தான் எடுத்திருக்க வேண்டும். ஒன்பது மாத வயிற்றோடு, யாரும் இல்லாத நேரத்தில், ஒரு கால் ஆடுகிற ஸ்டூலில். பிரசவ வலியில் துடிப்பவளிடம் அதைக் கேட்க முடியாது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வராந்தாவில் பொதியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நர்ஸ் வந்து ஃபைலைக் கேட்டார். அவிழ்த்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மறுபடி கட்டினேன். சரியாக நிற்கவில்லை என்று அவிழ்த்து மறுபடி கட்டினேன். எத்தனை முறை என்று அத்தையைத்தான் கேட்கவேண்டும். "அத எதுக்குப் போட்டு அவுத்து அவுத்துக் கட்டுத? கைய வச்சுக்கிட்டு சும்மா இரி" என்றார். அவர் பார்வை துணியின் கரையில் ஒரு நிமிடம் நின்றது போலிருந்தது. நின்றதா, எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை.

மதியத்துக்குமுன் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. நல்ல குரல். நாத்தனாரைப் பார்க்கப் போனபோது என்னைப் பார்த்து, "இப்பக் கேளுங்க, என்ன செய்யுதுன்னு" என்றாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அழத்தான் வந்தது.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து மகளைக் கூட்டி வந்து, நாத்தனாரின் சேலைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை என்று திரும்பினால், மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தாள். கையில் அந்த ஜவுளிக்கடைக் கவர். பாய்ந்து பிடுங்கினேன். முதலில் அவள் வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு கவரை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளும் புறமும், அடித் தையலையும் காதுகளையும் தடவித் தடவிப் பார்த்தேன்.

எங்கேயும் கிழிந்திருக்கவில்லை.